அத்தர் கலக்கச் சொட்டா, சிரிஞ்சா, தராசா?

வெள்ளவத்தை வீட்டுச் சமையலறை மேசையில் அத்தர் கலக்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. இதுவரை வீணாக்கிய எண்ணெயில் பாதிக்கு மேல் போனது என் மூக்கின் பிழையால் அல்ல, அளவின் பிழையால். ஒருமுறை அருமையாக வந்த கலவையை அதே கணக்கில் மறுபடி செய்தால், கராம்பு தூக்கலாக நின்று பல் வைத்தியரின் அறை மாதிரி மணந்தது.

காரணம் சொட்டு. டிராப்பரால் எண்ணுவதில்தான் எல்லோரும் தொடங்குகிறோம், செலவில்லாத வழி. ஆனால் 1 மி.லீ.க்கு 20 சொட்டு என்பது தண்ணீருக்கான பழைய கணக்கு. எண்ணெய்ச் சொட்டு பொதுவாக அதைவிடச் சிறியது, எவ்வளவு சிறியது என்பது எண்ணெய்க்கு எண்ணெய் மாறும், டிராப்பரின் வாய் அகலத்துக்கும் நீங்கள் அதைச் சாய்த்துப் பிடிக்கிறீர்களா நேராகப் பிடிக்கிறீர்களா என்பதற்கும் ஏற்ப மாறும். டிராப்பர் மாறினால் பழைய குறிப்பைக் கிழித்துப் போட வேண்டியதுதான்.

அப்புறம் சிரிஞ்ச். பாமசியில் இன்சுலின் சிரிஞ்ச் கேட்டால், வீட்டில் யாருக்குச் சீனி வருத்தம் என்று அக்கறையாக விசாரிப்பார்கள், சமாளித்துக்கொள்ளுங்கள். யூ-100 என்று போட்டிருந்தால் 100 யூனிட் 1 மி.லீ., யூ-40 என்றால் 40 யூனிட்டே 1 மி.லீ. இதைக் கவனிக்காமல் வாங்கினால் கணக்கு இரண்டரை மடங்கு பிசகும். சொட்டைவிடச் சிரிஞ்ச் எவ்வளவோ மேல், ஆனால் அதற்கும் குணம் இருக்கிறது. உள்ளே ஒரு காற்றுக்குமிழ் நின்றாலே 0.1 மி.லீ. அளப்பதில் அர்த்தமில்லை. நுனியில் தங்கிய எண்ணெயையும் விடக்கூடாது என்று கலவைக்குள்ளேயே இழுத்து இழுத்து அலசினால், அளந்ததைவிடக் கூடுதலாகப் போய்விடும், ஏனென்றால் அந்த மிச்சம் கோட்டுக் கணக்கில் சேராதது. வாசனை எண்ணெய் பட்டுப் பட்டு ரப்பர் ஊதி இறுகும், வெளியே அச்சடித்த கோடுகளும் அழியும். ஓர் எண்ணெய்க்கு ஒரு சிரிஞ்ச் என்று வைத்தால் மேசை ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும்.

மைக்ரோபிப்பெட், அதாவது ஆய்வுகூடத்தில் மிகச் சிறு அளவு திரவத்தை உறிஞ்சி அளக்கும் கருவி, அதைப் பற்றியும் கேட்பார்கள். காற்றை இடைவைத்து உறிஞ்சும் சாதாரண வகை, தண்ணீர் மாதிரியான திரவத்துக்குத்தான் சரி. கெட்டியான சந்தன எண்ணெய் அதன் நுனிக்குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். விடுங்கள்.

என் ஓட்டு 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசுக்குத்தான். போத்தலை வைத்து பூச்சியமாக்கி, ஒன்றை ஊற்றி, மறுபடி பூச்சியமாக்கி அடுத்ததை ஊற்றினால் போதும், கழுவ எதுவுமில்லை. ஒரே நிபந்தனை, முழுக் குறிப்பும் கிராமில் இருக்க வேண்டும். கராம்பு எண்ணெய் 1 மி.லீ. 1 கிராமுக்குக் கொஞ்சம் கூட, சிட்ரனெல்லா ஏறக்குறைய 0.9 கிராம்தான், ஆகவே பாதியை மி.லீ.யிலும் பாதியைக் கிராமிலும் எழுதினால் தொலைந்தோம்.

தராசும் ஏமாற்றும். மிக மெதுவாகச் சொட்டு விட்டால் சில தராசுகள் அதைத் தள்ளாட்டம் என்று நினைத்துத் தாங்களாகவே பூச்சியத்தில் நிற்கும். பாதியில் அணைந்து போகிறவையும் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல் 0.03 கிராம் தேவைப்படும்போது வரும், 0.01 பிசகினாலே மூன்றில் ஒரு பங்கு போச்சு. கறுவாப்பட்டை எண்ணெய் மாதிரி தோலை எரிக்கக்கூடிய சாமானில் இது விளையாட்டல்ல. அதற்கு 1 கிராம் எண்ணெயை 9 கிராம் டிபிஜியில் (வாசனை எண்ணெயை ஐதாக்கும் திரவம், டைப்ரோப்பிலீன் கிளைக்கால்) கலந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து 0.30 கிராம் நிறுக்கிறேன். அதே 0.01 பிழை இப்போது முப்பதில் ஒரு பங்குதான்.

செட்டியார் தெரு நகைக்கடைத் தராசு மாதிரி 0.001 கிராம் காட்டுவது வாங்கலாமே என்றால், கண்ணாடி மூடி இல்லாமல் அது உதவாது. எங்கள் வீட்டில் கடற்காற்று ஜன்னலால் வந்தாலே 0.01 தராசின் கடைசி இலக்கம் ஆடுகிறது. ஜன்னலைப் பூட்டி ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையோடு நிறுத்துக்கொண்டிருப்பேன், அம்மா வந்து ஃபேனைப் போடுவார்.