ரோடு பைக் எடைக் குறைப்பு: பல வருட ஓட்டத்துக்குப் பிறகு என் கணக்கு

வாங்கும்போது பெடலோடு 9.2 கிலோ இருந்த அலுமினிய ரோடு பைக் இது, அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள். பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றியதில் இப்போது 8 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பல வருடம் ஓட்டிய பிறகு உறுதியாகச் சொல்கிறேன்: டயர், ட்யூப், வீல்செட் (இரண்டு சக்கரங்கள்) மூன்றுக்கும் செலவழிக்கலாம். மற்ற பாகங்களில் எடைக்காக மட்டும் பணம் போட வேண்டாம்.

மேடு ஏறும்போது சைக்கிளோடு நாமும், தண்ணீரும், போட்டிருக்கும் உடையும் சேர்ந்துதான் ஏறுகிறோம். மொத்தம் 80 கிலோ என்றால் 1 கிலோ குறைவது 1.25 சதவீதம். 8 சதவீத ஏற்றத்தில் ஒரு மணி நேரம் பிடிக்கும் மலைச்சாலையை அதே பலத்தில் (அதே வாட்டில்) மிதித்து ஏறினால் மிச்சமாவது ஏறத்தாழ 40 விநாடி. பந்தயத்தில் அது பெரிய இடைவெளி. தனியாக ஏறுபவருக்கோ முந்தைய இரவின் தூக்கமும் அன்றைய காற்றும் அதைவிட அதிகமாக நேரத்தை மாற்றிவிடும். 750 மில்லி பாட்டிலை நிரப்பினாலே முக்கால் கிலோ கூடிவிடுகிறதே!

சமதளத்தில் கதையே வேறு. மணிக்கு 30 கிலோமீட்டரில் நம் பலத்தின் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. அங்கே 1 கிலோ குறைந்தால் அரை வாட் கூட மிச்சமாகாது. அதே வேகத்தில் சுமாரான டயர் ஜோடியைக் கழற்றிவிட்டு நன்றாக உருளும் ஜோடியைப் போட்டால் 10 வாட்டுக்கு மேல் மிச்சமாகலாம். என் டயர் மாற்றத்தில் எடையும் குறைந்தது, ஆனால் முதல் நாளே காலுக்குத் தெரிந்தது அந்த உருளல்தான்.

சக்கர எடை இரண்டு மடங்குக்குச் சமம் என்பார்கள். ரிம்மிலும் டயரிலும் உள்ள எடைக்கு, அதுவும் வேகமெடுக்கும் நேரத்தில் மட்டும், அது ஏறக்குறைய சரி. சீரான வேகத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஆனாலும் வீல்செட்டில் 400 கிராம் குறைந்ததும், சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கும்போது சைக்கிள் சட்டென்று முன்னால் பாயும் உணர்வு வந்தது. கடிகாரத்தில் பெரிதாகத் தெரியாது. எனக்கு அது தினமும் சந்தோஷம் தருகிறது, அதற்காகவே இன்னொரு முறையும் வாங்குவேன்.

டிபியூ என்ற மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப் போட்டால் சாதாரண ரப்பர் ட்யூபைவிட ஜோடிக்கு 130 கிராம் வரை குறையும், சுருட்டினால் உள்ளங்கைக்குள் அடங்கும். சாதாரண ரப்பர் ஒட்டு அதில் பிடிக்காது, அதற்கென்று உள்ள ஒட்டுத்தான் வேண்டும். ரிம்மையே அழுத்தி நிறுத்தும் ரிம் பிரேக் உள்ளவர்கள், அந்தச் சூட்டை ட்யூப் தாங்குமா என்று உறையில் பார்த்து வாங்குங்கள். கார்பன் ஹேண்டில்பார் வைத்தால் போல்ட்டை அளவாக இறுக்கும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். விழுந்த பிறகு உள்ளே விரிசல் இருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. 100 கிராமுக்காக அந்தக் கவலையைச் சுமக்க எனக்கு இஷ்டமில்லை. இலேசான சேடில் (சீட்) நீண்ட தூரத்துக்கு ஒத்துவரவில்லை, பழையதே திரும்பிவிட்டது.

சர்வதேச சைக்கிள் பந்தய அமைப்பான யுசிஐ 2000ஆம் ஆண்டிலிருந்து 6.8 கிலோவுக்குக் கீழே உள்ள சைக்கிள்களை அனுமதிப்பதில்லை. அந்த எல்லையைத் தொடுவது எளிதானதும் தயாரிப்பாளர்களின் கவனம் காற்றைக் கிழிக்கும் வடிவத்துக்குப் போனது. அதற்கு உதவும் ஆழமான ரிம் கொஞ்சம் எடை கூடினாலும் பரவாயில்லை என்று அவர்கள் நினைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

என் கேசட் (பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) தேய்ந்துவிட்டது. அடுத்து வாங்கப்போவது இதைவிடக் கனமானது: பெரிய பல்சக்கரத்தில் 28 பல்லுக்குப் பதில் 34. கியர் 17 சதவீதத்துக்கு மேல் இலகுவாகும், செங்குத்தான வளைவுகளில் முட்டிக்கு அதுதான் உதவி.