ஐ.எஃப்.எஃப்.கே பாஸ்: முப்பது படம், ஒரு ஓட்டு

திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைவிழாவுக்கு (ஐ.எஃப்.எஃப்.கே) 2024இல் டெலிகேட் பாஸ் ஜி.எஸ்.டி.யோடு 1180 ரூபாய், மாணவர்களுக்கு 590. எட்டு நாளில் முப்பது படம் பார்த்தால் ஒன்றுக்கு நாற்பது ரூபாய்கூட ஆகாது. கூடவே ஓர் ஓட்டும் வருகிறது. மதிப்பே அதில்தான்.

போட்டிப் பிரிவில் 14 படங்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் படங்கள்தான். அவற்றில் இரண்டு மலையாளம், இரண்டு மற்ற இந்தியப் படங்கள். சிறந்த படத்துக்கான 20 லட்ச ரூபாய் சுவர்ண சகோரம் விருதை நடுவர்கள் தருவார்கள். பார்வையாளர் விருது பாஸ் வைத்திருப்பவர்கள் கையில்.

2022 மார்ச்சில் நடுவர்கள் 'கிளாரா சோலா' என்றார்கள், கூட்டம் பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' என்றது. பாட்டில்லை, தெரிந்த முகமில்லை. வெயிலில் நடக்கும் அப்பனும் பிள்ளையும்தான். அதற்கும் ஓட்டு விழுகிற ஊர் இது. கொரிய இயக்குநர் கிம் கி-டுக் 2013இல் வந்தபோது நட்சத்திர நடிகரைப்போல மொய்த்த கூட்டமாயிற்றே!

அதன்பின் 2024 வரை நடந்த மூன்று விழாக்களிலும் அந்த விருது மலையாளப் படங்களுக்கே: 'நண்பகல் நேரத்து மயக்கம்' (அதில் பாதி தமிழ்தான்), 'தடவு', 'ஃபெமினிச்சி பாத்திமா'. மூன்றும் தகுதியான படங்கள். ஆனாலும் எண்ணும் முறையில் கோளாறு இருக்கிறது. மொத்த ஓட்டை எண்ணினால், அதிகம் பேர் பார்த்த படம் முந்தும். உள்ளூர்ப் படத்துக்கே அரங்கு நிரம்பும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைவிழாவில் பார்வையாளர்கள் போடும் மதிப்பெண்ணுக்குச் சராசரி எடுக்கிறார்கள். குறைவான பேர் பார்த்த படமும் அங்கே ஜெயிக்கலாம். இங்கும் அதைக் கொண்டுவர வேண்டும்.

முன்பதிவுதான் பலவீனம். 2022 டிசம்பரில் 'நண்பகல்' திரையிடலுக்கு இடம் கிடைக்காதவர்கள் டாகூர் தியேட்டரில் கோஷம் போட்டார்கள். நிறைவு விழாவில் விழாவை நடத்தும் கேரள சலச்சித்ர அகாடமியின் அப்போதைய தலைவர் பேச வந்தபோது கூவலே எழுந்தது. ரசிகர்கள் விழாவைத் தங்கள் சொத்தாக நினைக்கிறார்கள், அதனால் வந்த கோபம்.

போகிறவர்களுக்கு: பேசப்படும் படத்தின் முதல் காட்சியைத் துரத்தாமல் மறு திரையிடலுக்குப் பதிவு செய்யுங்கள். தம்பானூரில் ரயிலடிக்குப் பக்கத்திலேயே கைரளி, ஸ்ரீ, நிளா மூன்றும் ஒரே வளாகம். ஒன்றில் இடமில்லையென்றால் அடுத்த வரிசைக்கு நடந்தே மாறலாம். டாகூருக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். இரண்டு படங்களுக்கு நடுவே அரைமணி நேரமாவது விடுங்கள். போட்டிப் படங்களில் ஐந்தாறாவது பார்க்காமல் ஓட்டைப் போட்டுவிடாதீர்கள்.