திறந்த கொத்தா, கோளக் கொத்தா?

விண்மீன் கொத்தில் திறந்த கொத்து, கோளக் கொத்து என இரண்டு வகை உண்டு; வெறுமனே ‘விண்மீன் கொத்து’ என்று எழுதினால் எது என்று தெரியாது. கார்த்திகை மீன்கள் திறந்த கொத்து: ஒரே வாயுமேகத்தில் பிறந்து சுமார் 10 கோடி ஆண்டுகளே ஆன, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள், 440 ஒளியாண்டு தூரத்தில், ஈர்ப்புப் பிடி தளர்வு என்பதால் காலப்போக்கில் சிதறிவிடும். வெறுங்கண்ணுக்கு ஆறேழுதான் தெரியும், அறுமீன் என்ற பழம்பெயர் சும்மா வரவில்லை.

கோளக் கொத்து வேறு ரகம். ஒமேகா செண்டாரி என்ற கோளக் கொத்தில் சுமார் 1 கோடி விண்மீன்கள், பந்துபோல் நெருக்கியடித்துக்கொண்டு, பெரும்பாலும் 1000 கோடி ஆண்டு தாண்டிய கிழங்கள். பைனாகுலரில் எனக்குக் கார்த்திகைதான் அழகு.

அப்புறம், ஓரியனைக் கொத்து என்று எழுதாதீர்கள். அது விண்மீன் குழு, வெவ்வேறு தூரத்துப் புள்ளிகளை இணைத்து நம் கண் போடும் கோலம்.