அபோ-இ நீக்கமா, எல்.டி.எல். ஏற்பி நீக்கமா: சுண்டெலியின் கொலஸ்ட்ராலை உயர்த்தும் வழிகள்

தமனிச் சுவரில் கொழுப்பு படியும் தமனித் தடிப்பு நோயை ஆராய, கொலஸ்ட்ரால் உயர்ந்த விலங்கு தேவை. ஆனால் சாதாரண ஆய்வகச் சுண்டெலிக்குக் குருதியில் கொலஸ்ட்ரால் எளிதில் ஏறுவதில்லை. வழக்கமான தீவனம் தின்னும் சி57பிஎல்/6 வகையில் அது டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமை ஒட்டியே இருக்கும். அதிலும் பெரும்பங்கு, குருதியில் கொழுப்பைச் சுமக்கும் துகள்களுள் ‘நல்லது’ எனப்படும் எச்.டி.எல். துகள்களில்தான். அத்துகள்களின் கொலஸ்ட்ராலை மற்றத் துகள்களுக்கு மாற்றும் சி.இ.டி.பி. புரதம் சுண்டெலியிடம் இல்லாதது இதற்கு ஒரு முக்கியக் காரணம். முன்பு கோலிக் அமிலம் கலந்த கொழுப்புத் தீவனம் கொடுத்து அளவை உயர்த்தினார்கள். ஆனால் அந்த அமிலம் கல்லீரலிலேயே அழற்சியை உண்டாக்கிவிடும் என்பதால், எதன் விளைவை அளக்கிறோம் என்பது குழம்பிப்போகும்.

1992-இல் வந்த, அபோ-இ என்ற புரதத்தின் மரபணுவை நீக்கிய சுண்டெலியில் இந்தச் சிக்கல் இல்லை. கொழுப்பை இறக்கியபின் மிஞ்சும் துகள் எச்சங்களைக் கல்லீரல் அடையாளம் காண உதவும் அந்தப் புரதமே அதற்கு இல்லாததால், சாதாரணத் தீவனத்திலேயே அளவு 400 முதல் 600 வரை செல்கிறது, தமனித் தடிப்பும் தானாகவே வருகிறது. கொழுப்புத் தீவனம் கொடுத்துவிட்டால், சுழற்றிப் பிரித்த குருதிநீர் கண்ணுக்கே கலங்கலாகத் தெரியும். ஆனால் தேங்குவது பெரும்பாலும் வி.எல்.டி.எல். என்னும் பெரிய துகள்களும் எச்சங்களும்தான், ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ என்று மனிதரில் நாம் அஞ்சும் எல்.டி.எல். அன்று.

எல்.டி.எல். துகள்களைக் குருதியிலிருந்து செல்லுக்குள் இழுக்கும் புரதம் எல்.டி.எல். ஏற்பி; 1993-இல் வெளிவந்த, அந்த ஏற்பியை நீக்கிய சுண்டெலி இவ்வகையில் மனிதருக்கு நெருக்கமானது. பரம்பரை உயர் கொலஸ்ட்ரால் நோயில் பழுதாவதும் பெரும்பாலும் இதே ஏற்பிதான். சாதாரணத் தீவனத்தில் அளவு 200-ஐச் சற்றே தாண்டும், தடிப்பு மிகக் குறைவு; கொழுப்பும் கொலஸ்ட்ராலும் மிகுந்த தீவனத்துக்கு மாற்றினால் பன்மடங்கு ஏறும். நோய் தொடங்கும் நாளை ஆய்வாளரே குறிக்க முடிகிறது என்பதால் என் தேர்வு பெரும்பாலும் இதுவே.

எலும்பு மஜ்ஜை மாற்று ஆய்வுகளில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவு. மஜ்ஜையிலிருந்து உருவாகும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களும் அபோ-இ-யைச் சுரப்பதால், அபோ-இ நீக்கிய சுண்டெலிக்கு இயல்பான மஜ்ஜையைச் செலுத்தினால் அதன் கொலஸ்ட்ராலே வெகுவாக இறங்கிவிடும்; அதன்பின் தடிப்பு குறைந்தது செல்களாலா, கொழுப்பு குறைந்ததாலா என்று பிரித்தறிவது கடினம். ஏற்பி நீக்கிய சுண்டெலியில் இயல்பான மஜ்ஜை குருதியின் அளவைப் பெரிதாக மாற்றுவதில்லை.

மூன்றாவது வழி, எல்.டி.எல். ஏற்பியைச் சிதையச் செய்யும் பி.சி.எஸ்.கே.9 புரதத்தின் மரபணுவை, மிகைச்செயல் வடிவில், மரபணுவைச் சுமந்து செல்லப் பயன்படும் ஏ.ஏ.வி. வைரஸ் மூலம் ஒரே ஊசியில் செலுத்துவது. கலப்பினம் வளர்க்கும் மாதங்கள் மிச்சமாகும். ஆனால் பெண் சுண்டெலிகளின் கல்லீரல் இந்த வைரஸைக் குறைவாகவே ஏற்பதால், இரு பாலுக்கும் ஒரே அளவு கொடுத்து ஒப்பிட்டால் பாலின வேறுபாடு என்று தெரிவது ஊசியின் வேறுபாடாகவே இருக்கக்கூடும்.