டெபியன் 10 முதல் 13 வரை ஒரே நிறுவல்: தங்கிப்போன அமைவுக் கோப்புகளோடு என் அனுபவம்

லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 10-ஆம் பதிப்பில் தொடங்கிய நிறுவல் இது. அழித்துப் போடாமல் 11, 12, 13 என்று அப்கிரேடு செய்துகொண்டே வந்திருக்கிறேன். அப்கிரேடு பெரும்பாலும் சுமுகமாகவே முடியும். தலைவலி அதற்கப்புறம்தான்: கணினியின் அமைவுகள் இருக்கும் எட்சி (/etc) கோப்புறையில் தங்கிவிடும் பழைய அமைவுக் கோப்புகள்.

நாம் திருத்திய கோப்புக்குப் புதிய பதிப்பு வந்தால், எதை வைத்துக்கொள்வது என்று மென்பொருள் தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜி நிரல் கேட்கும். வெறுமனே என்டர் தட்டினால் பழையதே நீடிக்கும். புதியது '.டிபிகேஜி-டிஸ்ட்' என்ற வாலோடு பக்கத்தில் வந்து உட்காரும். புதியதை ஏற்றால் பழையதன் வால் '.டிபிகேஜி-ஓல்டு' ஆகும். இந்த வால் கோப்புகளைப் பார்த்துத்தான் பலரும் பதறுகிறார்கள். அவை பெரும்பாலும் சாது. கிரான்.டி கோப்புறையில் பெயரில் புள்ளி உள்ள கோப்புகளை, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் கண்டுகொள்வதே இல்லை. பதிவுக் கோப்புகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட்டும் இந்த வால்களைத் தவிர்த்துவிடும். வம்பு வருவது வால் இல்லாத பழைய கோப்பிலிருந்து.

தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையகத்தில் அதை நேரில் பார்த்தேன். கடவுச்சொல் நுழைவை நிறுத்தும் வரியைத் தனிக் கோப்பாக எழுதி, எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி கோப்புறையில் வைத்தேன். சேவையை மறுதொடக்கம் செய்தும் கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருந்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. எஸ்எஸ்எச்டி நிரலைப் பெரிய எழுத்து 'டி' (-T) விருப்பத்தோடு ஓட்டினால், உண்மையில் அமலில் உள்ள அமைவுகளைக் காட்டும். என் வரி அங்கே இல்லை. காரணம் எளிது. அந்தக் கோப்புறையைப் படிக்கச் சொல்லும் 'இன்க்ளூடு' வசதி, அந்தச் சேவையக மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2-இல்தான் வந்தது. டெபியன் 10-இல் இருந்தது 7.9. அப்போதிருந்து நீடித்த முதன்மைக் கோப்பில் அந்த 'இன்க்ளூடு' வரி எப்படி இருக்கும்? டிஸ்ட் கோப்பில் இருந்ததை எடுத்து முதன்மைக் கோப்பின் தலையில் சேர்த்ததும் சரியானது. தலையில்தான் சேர்க்க வேண்டும். ஒரே அமைவு இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் வருவதே செல்லும்.

அடுத்தது லாக்ரொட்டேட். ஒரு தொகுப்பை நீக்கிய பின்னும் அதன் அமைவுக் கோப்பு எட்சியில் கிடந்தது. மாற்றாக வந்த தொகுப்பும் அதே பதிவுக் கோப்பைக் குறிப்பிட, 'டூப்ளிகேட் லாக் என்ட்ரி' என்று சேவை தோல்வி காட்டியது. டிபிகேஜி பட்டியலில் 'ஆர்சி' என்று தொடங்கும் வரிகள் இப்படிப்பட்டவைதான்: நிரல் போய்விட்டது, அமைவு இருக்கிறது. இவற்றை ஒரே கட்டளையில் பர்ஜ் செய்யலாம் (அமைவோடு சேர்த்து நீக்கலாம்), ஆனால் பட்டியலைப் படிக்காமல் செய்யாதீர்கள். தரவுத்தளத் தொகுப்புகளைப் பர்ஜ் செய்யும்போது தரவையும் அழிக்கவா என்ற கேள்வி வரலாம். அங்கே அவசரமாக என்டர் தட்டுவது வினையை விலைக்கு வாங்குவதுதான்.

டெபியன் 13-க்கு வந்தவர்கள் சிஸ்கன்ட்ரோல்.கான்ஃப் (sysctl.conf) கோப்பையும் பாருங்கள். கணினியைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி இப்போது அதைப் படிப்பதில்லை. கோப்பு பழைய இடத்தில் இருந்தாலும், கணினி தொடங்கும்போது அதிலுள்ள கர்னல் அமைவுகள் அமலாகாது. உங்கள் வரிகளை சிஸ்கன்ட்ரோல்.டி கோப்புறையில், 'கான்ஃப்' என்று முடியும் ஒரு கோப்புக்கு நகர்த்திவிட்டால் போதும்.

துப்புரவுக் கருவிகள் எதுவும் எனக்குப் பெரிதாக உதவவில்லை. எட்சிகீப்பர் உதவியது. எட்சி முழுவதையும் அது மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (git) கருவியில் வைத்து, தொகுப்புகளை நிறுவும் ஏப்டி (apt) ஓடுவதற்கு முன்னும் பின்னும் தானே கமிட் (பதிவு) செய்துவிடுகிறது. அது காட்டும் வேறுபாடுகளை (டிஃப்) பார்த்துத்தான் டிஸ்ட் கோப்புகளை ஒவ்வொன்றாக இணைக்கிறேன். இணைத்து முடித்தவற்றை மட்டும் அழிக்கிறேன்.