காற்று நாளில் கட்டடங்களைச் சுற்றி: மூன்று ஆண்டு ட்ரோன் அனுபவம்

249 கிராம் எடையுள்ள கேமரா ட்ரோன் ஒன்றை மூன்று ஆண்டுகளாகப் பெரும்பாலும் கட்டடங்களைப் படமெடுக்கவே பயன்படுத்தி வருகிறேன். வினாடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 38 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கும் என்கிறது கையேடு. வெட்டவெளியில் அது ஏறக்குறைய உண்மைதான். உயரமான கட்டடத்தின் அருகில் அந்த எண்ணை நம்பக்கூடாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முகப்பில் மோதும் காற்றில் ஒரு பகுதி சுவரோடு கீழே இறங்க, மற்றது மூலைகளில் வேகமெடுத்து விலகிச் செல்கிறது. பின்புறத்தில் சுழல்கள் இடமும் வலமுமாக மாறி மாறிக் கிளம்புகின்றன. 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபாவின் வடிவம் மேலே செல்லச் செல்ல மாறிக்கொண்டே போவதும், தைபே 101 கோபுரத்தின் மூலைகள் படிப்படியாக வெட்டப்பட்டிருப்பதும் இந்தச் சுழல்களை ஒழுங்காக உருவாகவிடாமல் தடுப்பதற்காகத்தான். கோபுரங்களையே அசைக்கவல்ல காற்றுக்குக் கால் கிலோ ட்ரோன் எம்மாத்திரம்?

ஒருமுறை கண்ணாடி முகப்புக் கோபுரம் ஒன்றின் பின்புறம், 60 மீட்டர் உயரத்தில், இலைகூட அசையாதது போன்ற அமைதியில் மெதுவாகச் சுற்றிவந்தேன். மூலையைத் தாண்டிய நொடியில் ட்ரோன் ஒருபக்கமாகச் சாய்ந்தது. திரையில் அடிவானம் கோணலாகி, மேல் விளிம்பில் இறக்கைகளின் நிழல் ஓடியது. பலத்த காற்று என்ற எச்சரிக்கை அதற்குப் பிறகுதான் வந்தது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பது பள்ளியில் படித்ததுதான், ஆனால் அன்றுதான் உறைத்தது. எதிர்த்துப் போராடாமல், காற்று தள்ளிய திசையிலேயே சுவரைவிட்டு விலகவிட்டுக் கீழே இறக்கியதால் ட்ரோன் தப்பியது.

படத்தைப் பொறுத்தவரை இதில் ஒரு சங்கடம் உண்டு. காற்றை எதிர்நோக்கிக் கேமரா இருக்கும்போது ட்ரோன் முன்பக்கம் குனிவதால் இறக்கைகள் சட்டகத்துக்குள் வந்துவிடுகின்றன. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் படம் சுத்தமாக இருக்கும். ஆனால் அப்படி நிற்பதென்றால் கட்டடம் காற்று போகும் திசையில் இருக்கிறது என்று பொருள். ட்ரோன் பிடி தவறினால் நேரே முகப்பில்தான் மோதும். நல்ல படம் கிடைக்கும் இடமே ஆபத்தான இடம். போதாததற்கு, உயர்ந்த சுவர்கள் ஜி.பி.எஸ். சிக்னல்களை மறைத்தும் பிரதிபலித்தும் குழப்புகின்றன, கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு திசைகாட்டியைத் திசைதிருப்புகிறது. கண்ணாடி முகப்புகளோ எதிரே உள்ள தடைகளைக் கண்டறியும் உணரிகளையே ஏமாற்றக்கூடியவை.

பேட்டரி விஷயம் எளிது. காற்று நாளில் எனக்குப் பதினேழு நிமிடங்களுக்கு மேல் கிடைத்ததில்லை; முதலில் காற்றை எதிர்த்துச் சென்று, திரும்பும்போது அதன் உதவியோடு வருகிறேன், 35 சதவீதத்தில் இறக்கிவிடுகிறேன்.

இப்போது காற்று மோதும் பக்கத்தில் கட்டட உயரத்தில் பாதியளவாவது தள்ளியே நிற்கிறேன். அவ்வளவு தொலைவில் இதன் அகன்ற லென்ஸில் செதுக்கு வேலைகளும் ஜன்னல் விளிம்புகளும் கரைந்துபோகின்றன, ஜூமும் கிடையாது. அடுத்த ட்ரோனைத் தேர்ந்தெடுக்கும்போது காற்றுத் தாங்குதிறனைவிட, தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ் இருக்கிறதா என்பதையே முதலில் பார்ப்பேன்.