“குறித்த நாளில் பறப்பது உறுதி” என்று சொன்னவர்களிடம் இரண்டு மாதச் சம்பளத்தை இழந்தேன்

மூன்று நாள் ஆகிறது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

அப்பா, அம்மாவின் நாற்பதாவது திருமண நாளுக்கு இருவரையும் வெப்பக்காற்று பலூனில் ஏற்றிவிட ஆசைப்பட்டேன். அதற்காக ஓராண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தது என்னுடைய இரண்டு மாதச் சம்பளம். அதை அப்படியே ஓர் இணைய முன்பதிவுத் தளத்திடம் கொடுத்துவிட்டு நிற்கிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. பிறந்தநாள், திருமண நாள் என்று விசேஷங்களுக்குப் ‘பரிசு அனுபவங்கள்’ விற்கும் தளம். பலூனும் அவர்களுடையது இல்லை, பைலட்டும் அவர்களுடைய ஆள் இல்லை. வெறும் இடைத்தரகர்கள் என்பதே எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

முதலில் பலூன் நிறுவனங்கள் இரண்டைத்தான் அழைத்தேன். இரண்டு இடத்திலும் ஒரே பதில்: “தேதியைக் குறித்துக்கொள்கிறோம். ஆனால் பறப்போமா என்பதை முந்தைய நாள் மாலை வானிலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.” எனக்கு எரிச்சலாக இருந்தது. திருமண நாளை வானிலைக்காகத் தள்ளிவைக்க முடியுமா என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் இந்தத் தளத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது: குறித்த நாளில் பறப்பது உறுதி.

தொலைபேசியில் பேசியவர் அவ்வளவு கனிவாகப் பேசினார். அம்மாவின் பெயரைக் கேட்டு, வாழ்த்து அட்டையில் தப்பாக அச்சாகிவிடக் கூடாது என்று ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிச் சரிபார்த்தார். “அன்றைக்கே பறப்பார்கள் சார், அதற்கு நான் பொறுப்பு” என்றார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். என் அம்மாவின் பெயரில் இவ்வளவு அக்கறை காட்டுகிறவர் ஏமாற்ற மாட்டார் என்று நம்பினேன். முழுத்தொகையையும் அன்றே வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் கூடை முழுவதும் எங்கள் குடும்பத்துக்கு மட்டும் என்றார். அனுப்பினேன். இரண்டு மாதச் சம்பளம், ஒரே தவணையில்.

பலூன் கூடைகள் பலவற்றில் கதவு இருக்காது, பக்கவாட்டில் இருக்கும் துளைகளில் கால் வைத்து ஏற வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். போன ஆண்டு மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஒரு வாரமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் ஏறி இறங்கிப் பழகினார்.

காலை நாலரை மணிக்கு அவர்கள் சொன்ன மைதானத்துக்குப் போய்விட்டோம். இருட்டு. ஒரு வண்டி இல்லை, ஆள் இல்லை. பனியில் அப்பாவின் கால்சட்டை முழங்கால் வரை நனைந்துவிட்டது. ஆறு மணி வாக்கில், தொலைவில் மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பலூன் எழும்பியது. பர்னர் சீறும் சத்தம் எங்கள் காதுவரை வந்தது. அம்மா கையை நீட்டி, “அதுதான் நம்முடையதா?” என்று கேட்டார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

எட்டு மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது: மோசமான வானிலையால் இன்றைய பயணம் ரத்து. அதே வானில் அந்தப் பலூன் ஏறியதை எங்கள் மூவரின் கண்ணும் பார்த்தது.

பிறகு நடந்ததெல்லாம் அலைக்கழிப்பு. முதல் அழைப்பில் “மேலாளர் பேசுவார்” என்றார்கள். அடுத்த அழைப்பில், வவுச்சர் செல்லும், வேறு தேதி சொல்லுங்கள் என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், விதிமுறைகளில் இருபத்தோராவது பிரிவைப் படித்தீர்களா என்று கேட்டார்கள். கனிவாகப் பேசியவர் ‘விடுப்பில்’ இருக்கிறாராம். நேற்று மாலை முதல் என் எண்ணை எடுப்பதே இல்லை.

அன்று பறந்த பலூனின் நிறுவனத்தை விசாரித்துக் கண்டுபிடித்து அழைத்தேன். எங்கள் பெயரில் முன்பதிவே இல்லை. அதன் பைலட் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: “உங்கள் எடையைக் கேட்டார்களா?” கேட்கவில்லை. “அப்படியென்றால் அது எந்தப் பைலட்டின் கைக்கும் போகவில்லை” என்றார். வெளிக்காற்று சூடாக இருந்தால் பலூனின் தூக்கும் திறன் குறையும். அதனால் ஏறுகிறவர்களின் எடை தெரியாமல் எத்தனை பேரை ஏற்றலாம் என்று கணக்குப் போடவே முடியாது. தேதி உறுதியும் அப்படித்தான். பலூனுக்குச் சுக்கான் கிடையாது. பைலட்டால் ஏற்றவும் இறக்கவும்தான் முடியும், போகும் திசையைத் தீர்மானிப்பது அந்தந்த உயரத்தில் வீசும் காற்று. வெயில் ஏறினால் தரையிலிருந்து வெப்பக்காற்று மேலெழுந்து பலூனை அலைக்கும் என்பதால்தான் விடிந்தவுடனும் பொழுது சாய்வதற்கு முன்பும் பறக்கிறார்கள். தரையில் காற்று மணிக்கு 18 கிலோமீட்டரைத் தாண்டினாலே பெரும்பாலும் கிளம்ப மாட்டார்கள். இதெல்லாம் தெரிந்த எவரும் வாரக்கணக்கில் முன்னதாக ஒரு நாளுக்கு உறுதி தர மாட்டார். எனக்கு எரிச்சலூட்டிய அந்த இரண்டு நிறுவனங்களும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன.

இன்னொன்றும் சொன்னார். தரையிறங்கும்போது கூடை சாய்ந்து இழுபடலாம். முழங்காலை மடக்கி, கைப்பிடியை இறுகப் பிடித்து உட்கார வேண்டியிருக்கும். அம்மாவின் மூட்டைப் பற்றி எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஒருவேளை உண்மையாகவே ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் பணம் போனதைவிட அதுதான் பதறவைக்கிறது.

விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. தேதிக்கு உறுதி தருகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பலூனை இயக்கும் நிறுவனத்தை நேரடியாக அழைத்து உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். எடையும் உடல்நிலையும் கேட்காதவரை நம்பாதீர்கள். வானிலையால் ரத்தானால் பணம் வருமா, மாற்றுத் தேதி மட்டும்தானா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பாதீர்கள். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடமாவது முறையிட வழி இருந்திருக்கும்.

காவல்துறையில் புகார் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதச் சம்பளம் திரும்பி வருமா என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. அந்த விளம்பரம் இன்று காலையும் அதே தளத்தில் இருக்கிறது: குறித்த நாளில் பறப்பது உறுதி.